அறுபது பேருக்குச் சோறு வடிப்பாள்: ஒரு விடுதிச் சான்றிதழின் கதை

போன மாதம் ஒரு காலையில், நான் வேலை பார்த்த பெண்கள் விடுதியின் இப்போதைய மேட்ரன் என்னைத் தேடிக்கொண்டு புக்கிட் ரம்பாய் வீட்டுக்கு வந்தாள். சின்ன வயசு, கெட்டிக்காரி. கையில் தடியாக ஒரு கோப்பு. மேலிடத்திலிருந்து புதுப் படிவம் வந்திருக்கிறதாம். விடுதியில் தங்கிப் படிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் பாடத்துக்கு வெளியே என்ன வாழ்க்கைத் திறன் கற்றுக்கொண்டது என்று நிரப்பி அனுப்ப வேண்டுமாம்.

“அக்கா, இந்தப் போராங்ல எட்டுக் கட்டம் இருக்கு. தலைமைத்துவம், பொறுமை, அப்படி இப்படின்னு. எல்லாருக்கும் ‘மிக நன்று’ போட்டுட்டேன். சரிதானே?” என்றாள்.

“எல்லாருக்கும் ஒரே அளவுல சட்டை தைச்சா யாருக்குலா சரியா இருக்கும்?” என்றேன்.

அவள் முகம் சுருங்கிப் போயிற்று. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஓய்வு பெற்ற பிறகும் குறையவில்லை. கோப்பி போட்டுக் கொடுத்துச் சமாதானப்படுத்தினேன். பிறகு, இதே காரியத்தை நாங்கள் வெள்ளைக்காரர் ஆட்சியின் அவசரகாலத்தில் செய்யப்போய் ஒரு பிள்ளையைப் போலீஸ் கொட்டகையில் உட்கார வைத்த கதையைச் சொன்னேன். சிரித்து முடித்ததும், இதை அப்படியே எழுதிக் கொடுங்கள், விடுதி மலரில் போடுகிறோம் என்றாள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு ஊர் பெம்பான். அப்பாவுக்கு அங்கே சின்னதாக ஒரு மளிகைக் கடை. ஆஸ்பத்திரி வேலைக்குத்தான் முதலில் போனேன். இரண்டாம் நாளே ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்தேன். நோயாளியை விட்டுவிட்டு என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதோடு அந்த ஆசை தீர்ந்தது. இருபதாவது வயதில் மலாக்கா டவுனில் இந்த விடுதியில் உதவி மேட்ரனாகச் சேர்ந்தேன். பயிற்சி மூன்று வாரம். அதில் எனக்கு மண்டையில் ஏறியது ஒன்றே ஒன்றுதான்: பிள்ளைகளை எண்ணாமல் எதையும் ஆரம்பிக்கக் கூடாது.

விடுதியில் அறுபது பெண் பிள்ளைகள். எல்லாம் அலோர் காஜா, ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். காட்டில் ஒளிந்திருந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று தோட்டங்களைச் சுற்றிக் கம்பி வேலி போட்டிருந்த காலம் அது. வாசலில் காவல். உள்ளே போகிறவர், வெளியே வருகிறவர் எல்லாரையும் சோதனை போடுவார்கள். ஒரு பிடி அரிசி மடியில் இருந்தாலும் வம்புதான். சடக்கில் எப்போது பஸ் ஓடும், எப்போது ஓடாது என்று யாருக்கும் தெரியாது. தினமும் பள்ளிக்கு வந்து போவது நடக்காத காரியம் என்பதால் பிள்ளைகளை எங்களிடம் கொண்டுவந்து விட்டார்கள். வந்த முதல் வாரம் ஒப்பாரி. இரண்டாவது வாரம் சண்டை. மூன்றாவது வாரத்திலிருந்து வீட்டு ஞாபகமே இருக்காது.

எங்கள் தலைவி யாழ்ப்பாணத்துக்காரர். பிள்ளைகளுக்கும் எனக்கும் அவர் ‘பெரிய மிஸ்’. வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை, மேசையில் சிவப்பும் நீலமுமாக இரண்டு பென்சில். எண்ணில் தப்பிருந்தால் சிவப்பு, சொல்லில் தப்பிருந்தால் நீலம். குரலை உயர்த்த மாட்டார். முடியாது என்று சொல்வதற்கு முன்னால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி இரண்டு முறை துடைப்பார். நான் எதையாவது கேட்டுவிட்டு அவர் வாயைப் பார்க்க மாட்டேன், கண்ணாடியைத்தான் பார்ப்பேன். கை அதற்குப் போனால் பேசாமல் எழுந்து வந்துவிடுவேன்.

சனி ஞாயிறுகளில் சமையல்காரருக்கு ஓய்வு. பிள்ளைகள்தான் முறை வைத்துச் சமைப்பார்கள். அதற்குப் பெரிய மிஸ் வகுத்த ஒழுங்கு இன்னும் எனக்கு மனப்பாடம். ஐந்து பேர் ஒரு குழு. அரிசியைப் பால் டின்னால் அளக்க வேண்டும். பெரிய பிள்ளைகள் இரண்டு பேருக்கு ஒரு டின், சின்னப் பிள்ளைகள் மூன்று பேருக்கு ஒரு டின். அளக்கிறவள் ஒருத்தி, எண்ணுகிறவள் இன்னொருத்தி. இருவரும் ஒரே எண்ணைச் சொன்னால்தான் அரிசி உலைக்குப் போகும். பரிமாறும்போது வயதில் சின்னவள் முதலில், குழுத் தலைவி கடைசியில். சண்டை போட்ட இரண்டு பேர் இருந்தால், சோறு வடித்த பெரிய சட்டியைச் சேர்ந்து கழுவ வேண்டும். அந்தச் சட்டியை ஒருத்தியால் புரட்ட முடியாது. கோபித்துக்கொண்டே ஆளுக்கொரு பக்கம் பிடிப்பார்கள், தண்ணீர் தெறிக்கும், யாராவது ஒருத்தி சிரித்துவிடுவாள்.

இதையெல்லாம் நான் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். யாரும் எழுதச் சொல்லவில்லை. முதல் வருடம் ஒரு பிள்ளை ஒழுங்காகத் துணி துவைக்கத் தெரியாமல் அழுததும், ஆறு மாதம் கழித்து அதே பிள்ளை புதிதாக வந்தவளுக்குச் சொல்லிக் கொடுத்ததும் எனக்கு அதிசயமாக இருந்தன. தேதி போட்டுக் குறித்துக்கொண்டேன். ஆனால் பிள்ளை விடுதியை விட்டுப் போகும்போது நாங்கள் கொடுக்கும் தாளில் ஒரே ஒரு வரிதான் இருக்கும்: ‘நடத்தை நன்று.’ அஞ்சு வருடம் இருந்தவளுக்கும் அதுதான், அஞ்சு மாதம் இருந்துவிட்டுச் சுவரேறிக் குதித்து ஓடினவளுக்கும் அதுதான்.

அந்த ஒற்றை வரித் தாளோடு போக வேண்டியவளாக வந்து நின்றாள் பவளம்.

சிம்பாங் அம்பாட்டைத் தாண்டி ஒரு தோட்டத்தில் அவள் வீடு. பதினேழு வயது. எங்களிடம் அஞ்சு வருடம் இருந்தாள். அந்த வருடப் பரீட்சையில் கணக்கில் தோற்றுப் போனாள். தாளில் அரிசி ராத்தல் கணக்கில் வந்தால் திணறுவாள். சட்டிக்கு முன்னால் நின்றால் ஒரு டின் பிசகாது. அவளுக்கு நர்ஸ் பயிற்சிக்குப் போக ஆசை. பரீட்சையில் தேறாதவர்கள், தங்கியிருந்த இடத்திலிருந்து விவரமான கடிதம் கொண்டுவந்தால் எடுத்துக்கொள்வது பற்றி யோசிக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

அவள் அப்பா மாரிமுத்து அவளை அழைத்துப் போக வந்தார். பால்மரம் வெட்டுகிற மனிதர், தலைத்துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு, வாசலைத் தாண்டாமல் நின்றார்.

“மேட்ரன், பரீச்சையும் போச்சு. தோட்டத்து மண்டோரு, பால் வெட்ட ஒரு நெரை காலியா இருக்குன்னாரு. மச்சான் மவனுக்கும் பேசி வச்சிருக்கேன். அஞ்சு வருசமா ஒங்ககிட்ட விட்டேன். இது என்னாதான் கத்துக்கிச்சு?”

மனிதர் குத்தலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குத்தான் சுருக்கென்றது. கையில் ‘நடத்தை நன்று’ என்ற தாள். அதை எப்படி நீட்டுவது? ரெண்டு நாள் தவணை கேட்டேன். சனிக்கிழமை தோட்டத்து லோரி வரும், அதில் அழைத்துப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கே பெரிய மிஸ்ஸிடம் போய், பவளத்துக்கு விவரமாக எழுத வேண்டும் என்றேன். கை கண்ணாடிக்குப் போயிற்று. இந்த முறை நான் எழுந்து வரவில்லை. அவர் துடைத்து முடிக்கும் வரை நின்றேன்.

“எழுதும் பாப்பம்,” என்றார்.

ராத்திரி தூங்குவதற்குள் பதினோரு வரி எழுதிவிட்டேன். பொறுமைசாலி, பொறுப்பானவள், நம்பிக்கைக்கு உரியவள், தலைமைக் குணம் கொண்டவள். கல்யாணப் பத்திரிகை தோற்றது. காலையில் கொண்டுபோய் வைத்தேன். நீலப் பென்சில் முதல் வரியிலேயே இறங்கியது.

“பொறுமைசாலி எண்டு எழுதியிருக்கிறீர். பொறுமையை நீர் கண்டனீரோ?”

“கண்டேன் மிஸ்.”

“எப்ப? எங்கே? எத்தனை தரம்?”

நோட்டைப் புரட்டினேன். அம்மை போட்ட மூன்று பிள்ளைகளுக்குப் பதினேழு நாள் கஞ்சி கொடுத்தாள், ஒரு வேளையும் தவறவில்லை என்று இருந்தது.

“அப்ப அதை எழுதும். பொறுமையை வாசிக்கிறவை தாங்களே கண்டுபிடிக்கட்டும்.”

இப்படியே பதினோரு வரியும். ஒவ்வொரு புகழ்ச்சியும் அடிபட்டு, அந்த இடத்தில் பவளம் செய்த ஒரு காரியம் வந்து உட்கார்ந்தது. நானோ அவரோ கண்ணால் பார்க்காத எதற்கும் இடமில்லை. நான்கு வரி நிற்காமல் போயிற்று. மிஞ்சிய ஏழு வரிகளையும் பெரிய மிஸ் தாமே ஆங்கிலத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தினார். இவ்வளவு சிக்கனமாக ஒருவரைப் புகழ முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். பவளம் வாங்கி வாசித்துவிட்டு, “இதெல்லாம் நானா மேட்ரன்?” என்றாள். மறுநாள் காலை அப்பாவும் மகளும் லோரியில் ஏறினார்கள். எனக்கு மனசு நிறைந்திருந்தது.

அந்த நிறைவு பத்தரை மணி வரைக்கும்தான். லோரிக்காரர் திரும்பி வந்து விடுதி வாசலில் நின்றார்.

“மேட்ரன், அந்தப் புள்ளைய தோட்டத்து கேட்லயே நிப்பாட்டிட்டாங்க. பொட்டிய சோதிச்சாங்க. ஏதோ கடுதாசியாம். சார்ஜன் விடமாட்டேங்கறாரு.”

பெரிய மிஸ் விடுதியை விட்டுக் கோயிலுக்கும் பாங்குக்கும் தவிர வேறெங்கும் போனதை நான் பார்த்ததில்லை. குடையை எடுத்தார். “டாக்சி கூப்பிடும். நோட்டை எடுத்துக்கொண்டு வாரும்,” என்றார்.

நாங்கள் போய் இறங்கும்போது உச்சி வெயில். கம்பி வேலி, மர வாசல், பக்கத்தில் தகரக் கொட்டகை. பவளம் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். மாரிமுத்து வெயிலில் நின்றிருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லையாம். சார்ஜன் நடுத்தர வயது மலாய்க்காரர், கண்ணியமான முகம். எங்கள் தாளை மேசையில் விரித்து, நான்கு மூலையிலும் தோட்டாவை நிறுத்தி வைத்திருந்தார். நான் அரைகுறை மலாயில் வணக்கம் சொன்னேன். அவர் பதில் சொல்லிவிட்டு, தாளை ஒவ்வொரு வரியாக எனக்கே மலாயில் பெயர்த்து வாசித்துக் காட்டினார்.

அறுபது பேருக்கு அரிசி அளந்து, குறையாமல், மிஞ்சாமல் சோறு வடிப்பாள். கூட்டத்தை ஒருவர் பின் ஒருவராக, பேச்சில்லாமல், பாதை ஓரமாக அழைத்துச் செல்வாள். விளக்கு அணைத்த பிறகும் ஆட்களைச் சரியாக எண்ணுவாள். காயத்துக்குக் கட்டுப் போடுவாள். அம்மைக் காய்ச்சல்காரர்களைப் பதினேழு நாள் தனியே வைத்துப் பார்த்துக்கொண்டாள். செய்தி கொடுத்தால் வழியில் யாரிடமும் சொல்லாமல் கொண்டு சேர்ப்பாள். மூன்று நாள் காய்கறி வராவிட்டாலும் இருப்பதை வைத்துச் சமாளிப்பாள்.

வாசித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். “இந்த அறுபது பேர் யார், அம்மா? எந்தக் காட்டில் இருக்கிறார்கள்?”

உண்மையைத் தவிர ஒரு சொல் சேர்க்காமல் எழுதிய தாள், அவர் வாயிலிருந்து வரும்போது காட்டுக்குள் முகாம் நடத்துகிறவளின் சரித்திரமாக இருந்தது. அறுபது பேர் என்று எழுதியிருந்தோம். யார் என்று எழுதவில்லை. எங்கள் உலகத்தில் அறுபது பேர் என்றால் விடுதிப் பிள்ளைகள்தான். வேறு அறுபது பேர் இருப்பார்கள் என்று எங்கள் புத்திக்கு எட்டவில்லை.

பெரிய மிஸ் மெதுவாக, “பிழை எங்கட,” என்றார், தமிழில், தமக்குள் சொல்வது மாதிரி.

விடுதி, பிள்ளைகள், முறைச் சமையல் என்று நான் மூச்சு விடாமல் விளக்கினேன். சார்ஜன் பொறுமையாகக் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். “எனக்கும் மகள் இருக்கிறாள். நீங்கள் சொல்வதை நம்புகிறேன். ஆனால் சாயங்காலம் எங்கள் அதிகாரி வருவார். இந்தத் தாளை அவர் பார்த்தால் பெண்ணை விசாரணைக்குக் கொண்டுபோவார். எத்தனை நாள் ஆகும் என்று நான் சொல்ல முடியாது. இதை இங்கேயே கிழித்துப் போடுங்கள். நான் பார்க்கவில்லை. பெண் வீட்டுக்குப் போகட்டும்.”

என் கை அப்போதே தாளுக்கு நீண்டுவிட்டது. மாரிமுத்து கும்பிட்டார். “கிழிச்சிடுங்க மேட்ரன். கடுதாசியும் வேணாம், ஒன்னும் வேணாம்.”

பெரிய மிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார். “தாள் அவளின்ரை. அவளைக் கேளும்.”

பவளம் பெட்டியிலிருந்து எழுந்தாள். “கிழிச்சிட்டா ஆஸ்பத்திரிக்கு என்னாத்த கொண்டுபோறது மிஸ்? அதுல பொய் ஒன்னுமில்லையே,” என்றாள்.

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. கூடவே அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

பெரிய மிஸ் சார்ஜன் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எந்த வரியை வேண்டுமானாலும் கேளுங்கள், எங்கே, எப்போது, யார் யார் இருந்தார்கள் என்று சொல்கிறேன் என்றார் ஆங்கிலத்தில். சார்ஜன் கேட்டார். நான் நோட்டைப் புரட்டினேன். வரிசையில் அழைத்துப் போனது கோயில் திருவிழாவுக்கு. காயம், ஊஞ்சலிலிருந்து விழுந்த பிள்ளையின் முழங்காலில். செய்தி, பெரிய மிஸ்ஸின் வீட்டுச் சாவி எங்கே இருக்கிறது என்பது. அறுபது பேர் பெயரும் நோட்டில் இருந்தது. அவர்களுடைய அப்பாமார் வேலை செய்யும் தோட்டங்களும் இருந்தன. சார்ஜன் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. முதல் வரியில் மட்டும் நின்றுவிட்டார்.

“மற்றதெல்லாம் சரி. இந்தச் சின்னப் பெண் அறுபது பேருக்கு? என் ஆட்கள் இருபத்தெட்டுப் பேர். சமையல்காரன் காய்ச்சலில் படுத்து நாலு நாளாகிறது. அந்த இருபத்தெட்டுப் பேருக்கே இங்கே யாராலும் முடியவில்லை.”

பவளம் மூக்கை உறிஞ்சினாள். நான் அழுகிறாளோ என்று நினைத்தேன்.

“சார்,” என்றாள், “ஒங்க அடுப்புல சோறு அடி பிடிக்குது.”

கொட்டகைக்குப் பின்னால் யாரோ திட்டுகிற சத்தம் கேட்டது. சார்ஜன் எழுந்து போய்ப் பார்த்தார். கரியாய்ப் போன சட்டியும், அதைச் சுற்றி நான்கு துப்பாக்கிக்காரர்களும். திரும்பி வந்தபோது அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். பவளத்தைப் பார்த்து, அடுப்பைக் காட்டி, “பொலே?” என்றார், முடியுமா என்று.

“பால் டின்னு ஒன்னு வேணும்,” என்றாள் பவளம்.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் அந்தக் கொட்டகை எங்கள் விடுதியாகிவிட்டது. ஒரு காவல்காரரை அளக்கச் சொன்னாள், இன்னொருவரை எண்ணச் சொன்னாள். எண் ஒத்துப்போகாததால் அரிசியைத் திரும்பக் கொட்டி மறுபடி அளக்க வைத்தாள். அவர்கள் வைத்திருந்த கருவாடும் முட்டையும், வேலியோரம் முளைத்திருந்த கீரையும். சோற்றை யார் கரிய விட்டது என்று இரண்டு பேர் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கருகிய சட்டியை அவர்கள் இருவர் கையிலும் கொடுத்தாள். பெரிய மிஸ் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மகிழ்ச்சியாக இருந்தார் என்பது எனக்குத் தெரியும். கண்ணாடியை ஒரு முறைகூடத் துடைக்கவில்லை.

சோறு இறங்கியது. சார்ஜன் தட்டோடு முதலில் வந்து நின்றார். பவளம் கரண்டியை மடக்கிக்கொண்டாள்.

“சார், வயசுல சின்னவங்க மொதல்ல. நீங்க கடேசி.”

நான் மொழிபெயர்க்கப் பயந்தேன். பெரிய மிஸ் பயப்படவில்லை, ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார். சார்ஜன் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு வரிசைக் கடைசிக்குப் போய் நின்றார். காவல்காரர்கள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள்.

மாரிமுத்து இதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அந்த வாசலில் தினமும் துண்டை அவிழ்த்து, மடியை உதறிக் காட்டிவிட்டுப் போகிற மனிதர் அவர். அந்தக் காக்கிச் சட்டைகள் எல்லாம் அவர் மகள் சொன்னபடி வரிசையில் நின்றன. அவர் கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது. எனக்கும்தான், நான் புகையின் மேல் பழியைப் போட்டேன்.

சார்ஜன் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டு வந்தார். பெரிய மிஸ் அதற்குள் முதல் வரியில் ‘விடுதி மாணவிகள்’ என்ற சொற்களைச் சேர்த்து, பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டிருந்தார். சார்ஜன் பேனாவை வாங்கி, ஏழாவது வரிக்குக் கீழே ஆங்கிலத்தில் நிதானமாக எழுதினார். இன்று என் ஆட்கள் இருபத்தெட்டுப் பேருக்குச் சமைத்தாள். குறையவில்லை, மிஞ்சவில்லை. நானும் சாப்பிட்டேன். பெயர், பதவி, கையெழுத்து.

பெரிய மிஸ் அதை இரண்டு முறை வாசித்தார். “நல்ல வசனம். கண்டதை எழுதியிருக்கிறார்,” என்றார் என்னிடம்.

தாளைப் பவளம் மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். வாசலைத் திறந்துவிட்டார்கள். அந்தப் பக்கம் தொழிலாளர் வீடுகள் இருக்கும் லயத்துக்குப் போகிற செம்மண் பாதை. இனி அப்பாவும் மகளும் உள்ளே போக வேண்டியதுதான். நாங்கள் டாக்சிப் பக்கம் திரும்பினோம். ஆஸ்பத்திரிக்கு எப்படியாவது அனுப்பி வையுங்கள் என்று மாரிமுத்துவிடம் கெஞ்ச வேண்டும் போல இருந்தது. வாய் நீளமான நான் டாக்சிக் கதவின் கைப்பிடியைத்தான் பிடித்தேன்.

“மேட்ரன்,” என்றார் அவர் பின்னாலிருந்து. “ஆஸ்பத்திரில அந்தக் கடுதாசிய எப்பக் குடுக்கணும்?”

“திங்கக்கெழமை காலையில ஆபீஸ் தொறந்ததும் குடுக்கணும் அண்ணே.”

அவர் பாதையைப் பார்த்தார். பவளத்தைப் பார்த்தார்.

“நாளைக்கு லோரி ஓடாதே,” என்று சொல்லிக்கொண்டே மகளின் பெட்டியைத் தோளில் தூக்கி, டாக்சியின் பின்னால் கொண்டுபோய் வைத்தார்.